சஹனில் இருந்த ஒன்பதும் பத்தும்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மச்சான் நிஸாமுக்கு, ஸலாம். தோஹாவில் நீங்களும் தங்கச்சி அகீலாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே பிள்ளைகளின் உம்மா ஸமீமாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். இதில் எழுதப்போவது:

1. மகன் ஸியாமுக்கு நீங்கள் அங்கே பேசிவைத்த கணக்குப் பிரிவு வேலை.
2. இன்றைய போட்டி.
3. நான் கொண்டுபோன சாப்பாடு.
4. ஸியாமுக்குப் பந்துத் தொழில் சரிவராது என்ற என் முடிவு.

ஒன்றையும் நான்கையும் சேர்த்தே எழுதியிருக்கலாமோ தெரியவில்லை.

என் மகன் கொம்பனித்தெருக் கழகமொன்றின் உதைபந்தாட்ட முகாமையாளர் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் விளையாடுவதில்லை, யார் விளையாடுவது, எங்கே நிற்பது என்று தீர்மானிப்பவன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள், தோற்றால் ஏச்சும் தருகிறார்கள். தொடர்ந்து தோல்வி. இன்றும் தோற்றால் வேறு ஆள் பார்ப்போம் என்று கழகத் தலைவர் சொல்லிவிட்டார். பிள்ளை சாப்பிடாமல் திரிவதைப் பார்த்து, என்னால் முடிந்ததைச் செய்வோமென்று, பந்திக்குச் சமைக்கும் ஆளிடம் சொல்லி மூன்று சஹன் புரியாணி எடுத்தேன். "விளையாடப் போற புள்ளைகளுக்கு யாராச்சும் புரியாணி குடுப்பாங்களா? படிச்ச மனுஷன்தானே நீங்க?" என்றாள் ஸமீமா. வெறும் வயிற்றோடு எப்படி ஓடுவார்கள் என்று கேட்டேன்.

மைதானத்தில் என்னைக் கண்டதும் ஸியாமின் முகம் வெளுத்தது. "வாப்பா, இவங்களுக்கு வாழப்பழம்தான் குடுக்கிற!" அதற்குள் கோல்காப்பாளர் மூடியைத் திறந்துவிட்டார். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து உண்பது நமக்குப் பழக்கம். அணியிலுள்ள கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கோ அது புதிது, யார் எங்கே இருப்பதென்று தயங்கி நின்றார்கள். பரீட்சை மண்டபத்தில் சுட்டெண் வரிசையில் பிள்ளைகளை இருத்திப் பழகியவன் நான், சட்டை இலக்க வரிசையில் இருத்திவிட்டேன். ஒன்பதாம் இலக்கம் மிதுஷனும் பத்தாம் இலக்கம் இர்பானும் தோள் முட்ட அருகருகே. இருவருக்கும் மாதக்கணக்கில் பேச்சில்லை, ஒருவருக்கொருவர் பந்தும் கொடுப்பதில்லை, பஸ்ஸில்கூட ஒருவனை முன்னாலும் மற்றவனைப் பின்னாலும் வைத்தே கூட்டிவருவது என்பதை ஸியாம் என் காதில் சொன்னபோது பாதிச் சோறு முடிந்துவிட்டது. சஹனிலிருந்து இடையில் எழும்புவது மரியாதையில்லை. நடுவில் ஒரு கோழிக்கால் மிஞ்சியது. "நீ எனக்கு ஒண்டும் தாறேல்லத்தானே, நான் தாறன், இந்தா" என்று மிதுஷன் அதைத் தள்ளினான். "ஒனக்குப் பந்து தந்தா நீ அத காலிமுகத்திடலுக்கு அடிக்கிற, பொறகு எப்பிடித் தார?" என்றான் இர்பான். அடிதடிதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதற்பாதியில் நம் பிள்ளைகள் ஓடவில்லை, அசைந்தார்கள். பின்வரிசை முழுவதும் ஏப்பம். எதிரணி இரண்டு கோல் போட்டது. இடைவேளையில் தலைவர் எல்லார் முன்னாலும், "பலீல் மாஸ்டர், மத்த டீமுக்கும் ஒரு சஹன் குடுத்திருந்தா சமனா வந்திருக்குமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஸியாம் சிரிக்கவில்லை. வெற்றுச் சஹன்களைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு, மீதி ஆட்டம் பார்க்காமல் அப்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே மச்சான், மகனின் தொழிலை நானே சோறு போட்டுக் கெடுத்தேன். அந்தக் கணக்குப் பிரிவு வேலையை அவனுக்கே வைத்திருங்கள். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும். துஆவில் எங்களையும் நினையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் பலீல்

பி.கு.: மகள் நிம்றா இதைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பவிருந்தாள், அதற்குள் ஸியாம் வந்துவிட்டான். மூன்றுக்கு இரண்டு, வெற்றி! இரண்டாம் பாதியில் சோறு இறங்கியதாம். அந்தக் கோழிக்காலில் தொடங்கிய பேச்சு அடிதடியாகாமல் சிரிப்பில் முடிந்ததாம். இர்பான் தேடித்தேடிப் பந்து கொடுக்க, மூன்றையும் மிதுஷனே அடித்தானாம். அடுத்த பருவத்துக்கும் ஸியாம்தான் என்று தலைவர் மைதானத்திலேயே சொல்லிவிட்டார். "நான் பேசிப் பேசி ஏலாமப் போனத நீங்க ஒரு நேரச் சோத்தால முடிச்சிட்டீங்க வாப்பா. ஆனா இனிமே மெச் முடிஞ்ச பொறகு கொண்டுவாங்க" என்கிறான். அந்த வேலையை வேறு நல்ல பிள்ளைக்குக் கொடுங்கள். நான்காவதாக எழுதியது பிழை.