மூன்று நாள் பால்

அடைக்கலம் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வருவது அவருக்குப் புதிதல்ல. வந்த முடிவு மறுநாள் காப்பி வரைக்கும் தாக்குப்பிடித்ததுதான் புதிது. இனி தன் பொறுப்பில் விட்ட எந்தச் சாப்பாடும் வெயிலில் கெடக் கூடாது. உயிரே போனாலும் கெட விடுவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் குழாயும் மோட்டாரும் விற்கிற கடை அவருடையது. வாரத்தில் ஆறு நாள் அவருடைய பிக்கப் வண்டி குழாய் சுமக்கும். ஏழாம் நாள் அது தார் ரோட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மலைப்பாதை, ஓடைமணல், ஏரிக்கரை என்று தேடித் தேடிப் போய், வண்டிக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது அவருக்கு ஒரு பைத்தியம். நண்பர் பிலோமின்ராஜுக்கும் அதே பைத்தியம்தான், ஆனால் ஜீப்பில்.

போன மாதம் பச்சைமலைக்குப் போனபோது ஆறு பேருக்கான கோழி அடைக்கலத்தின் பொறுப்பு. மசாலா தடவி, ஐஸ்கட்டிப் பைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனார். மேலே போய்த் திறந்தால் ஐஸைக் காணோம். வெந்நீருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் கோழி செத்த பிறகு நீச்சல் பழகிக்கொண்டிருந்தது. வாடை அடுத்த மலை வரைக்கும் போயிற்று. அன்றைக்கு ஆறு ஆண்பிள்ளைகள் பிஸ்கட்டை ஊறுகாயில் தொட்டுத் தின்றார்கள்.

நண்பர்கள் மன்னித்துவிட்டார்கள். வீட்டில் மனைவி வீரம்மாள் மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

“ஒரு செத்த கோழியைக் காப்பாத்தத் தெரியலை. காட்டுல உங்களை யாருங்க காப்பாத்துறது?”

ஞாயிறு போனால் அடைக்கலத்துக்கு வாரமே போனமாதிரி. ஒரு ஞாயிறு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். மறு ஞாயிறு தென்னை ஓலையை எண்ணினார். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள், சுவர் கனத்துக்கு மூடி போட்ட ஒரு பெரிய ஐஸ் பெட்டியை வாங்கிவந்து நடுவீட்டில் இறக்கினார்.

“மூணு நாள்,” என்றார். “சித்திரை வெயில். ஒரு லிட்டர் பால். திரியாம வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா?”

“வந்துட்டா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வண்டி உங்களோடது. எங்கே மேடு பள்ளம் இருக்கோ அங்கே போங்க. நான் குறுக்கே வர மாட்டேன்.”

“திரிஞ்சு போச்சுன்னா?”

“அந்தப் பெட்டியில நான் அரிசி ஊறப் போடுவேன்.”

வீரம்மாள் அரிசி ஊறப்போடுவது வீட்டுக்கு மட்டுமல்ல. பின்கட்டில் கிரைண்டர் வைத்து, இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு நாலு தெருவுக்கு விற்கிறாள். அவள் மாவு பஞ்சு மாதிரி இருக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்தக் கிரைண்டர் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் தான் காட்டுக்கே போவதாக அடைக்கலம் பிலோமின்ராஜிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்.

வீரம்மாள் இரண்டு நிபந்தனை போட்டாள். அவளும் கூட வருவாள். இல்லாவிட்டால் வழியில் புதுப் பால் வாங்கி மாற்றிவிட மாட்டார் என்று என்ன நிச்சயம்? இரண்டாவது, எந்த வழியில் போவது என்று அவள்தான் சொல்வாள். பால் பாக்கெட்டின் மேல் அழியாத மார்க்கர் பேனாவால் கையெழுத்தும் போட்டாள். கட்டிய புருஷனை இவ்வளவு நம்புகிறாளே என்று அவருக்கு மனம் வெந்தது. வெந்த மனம்தான் வைராக்கியத்துக்கு நல்ல அடுப்பு.

அதன்பிறகு அடைக்கலம் கடையில் குழாய் விற்கவில்லை, குளிர்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரை முழுக்கப் பிடித்துக்கொண்டார். தேங்காய்த் துருவலுக்குக்கூட அங்கே இடமில்லை. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் கொடுக்கும் கியாசுதீனிடம் போய், உடைக்காத முழுப் பாளமாக வாங்கிவந்தார். தூள் ஐஸ் சீக்கிரம் கரையும், பாளம்தான் நிற்கும் என்று கியாசுதீன் சொன்னதை, தானே கண்டுபிடித்ததுபோல் வீட்டில் வந்து சொன்னார்.

வீரம்மாள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். சந்தேகப்படச் சந்தேகப்பட அவர் விளக்கினார்.

“பெட்டியில காலி இடம் இருந்தா என்னவாம்?”

“அங்கேதான் சூடான காத்து போய் உட்காரும். காலி இடமே கூடாது.”

“அப்ப நான் நிரப்பித் தரேன். எத்தனை தடவை திறப்பீங்க?”

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இருபது செகண்டுக்குள்ள மூடிடணும்.”

“மூணு நாள் நிக்குமாக்கும்” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அவள் உள்ளே போனாள். அந்தப் பிதுக்கலுக்காகவே அடைக்கலம் பெட்டியின் மேல் இன்னொரு ஈரச் சாக்கைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பெட்டியை வீரம்மாளே அடுக்கியிருந்தாள். மேலே பால், அதைச் சுற்றி பாட்டில்கள், அடியில் ஐஸ் பாளத்தை ஒட்டித் துணிப்பைகள். சமையல் சாமான் என்றாள். காலி இடம் இல்லை என்பதை மட்டும் கைவிட்டுப் பார்த்து அடைக்கலம் திருப்தியடைந்தார்.

அவள் சொன்ன வழி வையம்பட்டிக்கு அப்பால், மருங்காபுரிப் பக்கம். அதிலும் நல்ல ரோட்டை விட்டு விலகி விலகிப் போகச் சொன்னாள். வண்டி குலுங்கியதில் அடைக்கலத்தின் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை மடியில் விழுந்தது. பாலைத் திரிய வைக்கத்தான் இந்தச் சதி என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

சதி அதோடு நிற்கவில்லை. மாலையில் ஒரு சிற்றூர்க் கடை முன்னால் நிறுத்தச் சொல்லி சோடா கேட்டாள். கடைக்கார அம்மாளோடு ஊர்க்கதை பேசினாள். திறக்கிற நேரம் வந்துவிட்டது, இங்கேயே திறந்துவிடலாமே என்றாள். மறுநாள் காலை ஒரு கடை, மாலை ஒரு கடை, ஞாயிறு காலை இன்னொன்று. நேரத்தை இழுத்தடிக்கிறாள் என்று தெரிந்தும் அடைக்கலம் அசரவில்லை. வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்தினார். சாக்கை மறுபடி நனைத்தார். மூடியைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஓடும் செகண்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணினார். எதையோ எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தில் நனைந்த துண்டைத் திணித்துவிட்டு அவள் கையை இழுப்பாள். முதல் தடவை பதினெட்டு செகண்டு. கடைசித் தடவை பதினொன்று.

“கை நல்லா பழகிடுச்சு உனக்கு,” என்றார் பெருந்தன்மையோடு.

“எல்லாம் நீங்க கத்துக்கொடுத்ததுதானே,” என்றாள் அவள்.

இரண்டு ராத்திரியும் அவள் மருங்காபுரியில் தங்கை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் தூங்கினாள். அடைக்கலம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கொசுவுக்கு ரத்ததானம் செய்தார்.

ஞாயிறு மதியம் வீடு வந்தார்கள். பெட்டியைத் திறந்தார். பாளத்தில் பாதி அப்படியே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கெட்டில் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, வீரம்மாள் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். அடைக்கலம் பக்கத்தில் நின்றார். இனி வரும் ஞாயிறெல்லாம் அந்தப் பாத்திரத்துக்குள் கிடந்தன. ஓரத்தில் முதல் குமிழ் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார். பால் ஏறியது. நுரைத்தது. வெள்ளையாக, துளியும் திரியாமல், பொங்கி வழிந்தது.

அடுப்பைத் துடைக்கிற வேலையைக்கூடச் சந்தோஷமாகத் தானே செய்தார். வீரம்மாள் தோற்றவள்போல் தலையை ஆட்டிவிட்டுத் தோசைக்கல்லைப் போட்டாள். வெற்றி பெற்றவருக்குப் பசி அதிகம். ஐந்தாவது தோசையில்தான் வாய்க்குப் பேச நேரம் கிடைத்தது.

“மாவு அருமை. எப்ப அரைச்சே?”

“வியாழக்கிழமை.”

அடைக்கலம் ஆறாவது தோசையை எடுக்கப் போன கையை நிறுத்தினார். சித்திரை மாதத்தில் வியாழக்கிழமை மாவு ஞாயிற்றுக்கிழமை இப்படியா இருக்கும்? புளித்து, பொங்கி, தட்டைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கல்லவா வந்திருக்கும்? அவர் மெதுவாகத் திரும்பி ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“பால் மட்டும்தான் திரியலைன்னு நினைச்சீங்களா?” என்றாள் வீரம்மாள். “போன வருஷம் தங்கச்சி ஊருக்கு பஸ்ல பத்துப் பாக்கெட் அனுப்பினேன். வழியிலேயே புளிச்சு ஊதி, கண்டக்டர் சட்டையில வெடிச்சுது. இப்ப நாலு கடையிலயும் மாதிரிக்கு வெச்சுட்டு வந்திருக்கேன். யாரும் புளிப்புன்னு சொல்லலை. அடுத்த வாரத்துக்கு அறுபது பாக்கெட் கேட்டிருக்காங்க.”

“யாரு கொண்டு போறது?”

“நீங்கதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வண்டி உங்களோடதுன்னு நான் வாக்கு கொடுத்திருக்கேன். மாற மாட்டேன்.”

“நான் கேட்டது மேடு பள்ளம் வீரம்மா. காடு. கரடு.”

“தெரியாதா எனக்கு? தார் ரோட்டுமேல இருக்கிற கடை ஒண்ணுகூட எடுக்கலை. உங்களுக்குப் பிடிக்காதுன்னு.”

அடைக்கலம் யோசித்தார். எந்தப் பக்கம் பாய்ந்தாலும் அந்தப் பக்கம் தான் பேசிய பேச்சே நின்றது. பந்தயத்தில் ஜெயித்தவர் பந்தயப் பொருளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மோட்டார் விற்கிறவரின் மூளை எவ்வளவு ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. போகட்டும், துணைக்கு ஓர் ஆளாவது இருந்தால் அறுபது பாக்கெட் மாவும் ஒரு பயணம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“பிலோமின்ராஜையாவது கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்றார்.

“அவரு எப்படி வருவாரு?” என்றாள் வீரம்மாள், ஆறாவது தோசையை அவர் தட்டில் போட்டபடியே. “அவருக்குப் பச்சைமலைப் பக்கம் அஞ்சு கடை. பெட்டிகூட நேத்தே வாங்கியாச்சுன்னு அவர் சம்சாரம் போன் பண்ணிட்டாங்க.”