ரசம் கொப்பளித்த சூசைராஜ்

மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்து, டம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து, ஒரு வாய் உறிஞ்சிக் கொப்பளித்து, அப்படியே அங்கணத்தில் துப்புகிற புருஷனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

சந்தனமேரி பார்த்தாள். தன் வீட்டு அடுப்படியில், தான் வைத்த ரசத்துக்கு இந்தக் கதி நேர்ந்ததைப் பார்த்தாள். கையில் இருந்த அப்பளக் கட்டு கீழே விழுந்து சுக்குநூறானது.

“ஏங்க! ரசத்துல பல்லி கிடக்கா?”

சூசைராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கப் போயிருப்பதாக அல்லவா நினைத்திருந்தான்!

“பல்லியும் இல்ல, கில்லியும் இல்ல. தொண்டை கரகரன்னு இருந்துச்சு மேரி.”

“தொண்டைக்குன்னா முழுங்கணும். கொப்பளிக்கணும்னா உப்புத்தண்ணி இருக்கு. மூக்கை விட்டு மோந்து பாக்குதீங்களே, அது எந்த ஊரு வைத்தியம்?”

“இங்கிலீஷ் வைத்தியம்.”

அவன் வாய் மூடுவதற்குள் ‘தூ’ என்று ஒரு சத்தம். ஐந்து வயது ரோஸி தன் பால் டம்ளரை ஒரு சுழற்றுச் சுழற்றி, மோந்து, கொப்பளித்து, நடுவீட்டில் துப்பிவிட்டு அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து இந்தியில், “டாடி, மேரா பீ தேக்கோ! என்னோடதையும் பாருங்க!” என்றாள்.

“வைத்தியம் பரம்பரையா வருது போலிருக்கே” என்றாள் மேரி. வேறொன்றும் கேட்கவில்லை. தரையைத் துடைத்தாள். அன்று சாயங்காலம் பச்சைக் கம்பளி நூல் ஒரு உருண்டையை எடுத்துவைத்துக்கொண்டு ஏதோ பின்னத் தொடங்கினாள். பிள்ளைக்கு ஸ்வெட்டர் என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைப்பதில் அவனுக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

சூசைராஜுக்குச் செகந்திராபாத்தில் மௌலா அலிப் பக்கம் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸ். அவனுக்கு உலகத்தில் இரண்டே பெருமை. முதலாவது அவன் தலைமுடி. கறுகறுவென்று சுருண்டு, காதை மூடி, பிடரியில் இறங்கும் முடி. கால்சட்டைப் பின்பையில் சீப்பு இல்லாமல் அவன் கக்கூஸுக்குக்கூடப் போனதில்லை.

அந்த முடிக்கு ஒரு கண்டம் வந்து தப்பியது தனிக்கதை. போன வருஷம் ரோஸி டைபாய்டில் கண் திறக்காமல் கிடந்தாள். “சவேரியாரே! எம் புள்ள எந்திரிச்சு இட்லி கேட்டா உமக்கு மொட்டை போடுதேன்!” என்று வார்டே திரும்பிப் பார்க்க அலறினான் சூசைராஜ். பிள்ளை எழுந்தாள். இட்லி கேட்டாள். சட்னியும் கேட்டாள். மொட்டைதான் விழவில்லை.

மேரி நேர்ச்சையை ஞாபகப்படுத்தும்போதெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தான். “சவேரியாருக்கு நேர்ந்ததைச் சவேரியார் இடத்துலதான் குடுக்கணும். இங்க லாலாகுடா கோயில்ல போட்டா அது அந்தோணியார் கணக்குல போயிரும். அவரு தங்கின மணப்பாட்டுக் குகைக்குப் போவோம். லீவு கிடைக்கட்டும்.”

லீவு கிடைத்தது. திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குக்கூடப் போய் வந்தார்கள். மணப்பாட்டுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. அதற்கப்புறம் மேரி கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்பதை நிறுத்திவிட்ட பெண்சாதியிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பாவம்.

இரண்டாவது பெருமை இப்போது வந்தது. தொழிற்சாலைக்கு ஸ்பெயினிலிருந்து ராட்சச மிஷின் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதைப் பூட்டிக்கொடுக்க ராமோன் என்று ஒரு எஞ்சினியரும் கூடவே வந்திருந்தான். மிஷினைப் பழகிக்கொள்ள இரண்டு பேரை ஸ்பெயினுக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. ஒருவன் சூசைராஜ். இன்னொருவன் அடுத்த பிளாக் தியோடர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் ஊறிய சி.எஸ்.ஐ. குடும்பம். அவன் பேசும் தமிழில் பாதிக்கு மேல் தக்கனி என்கிற ஹைதராபாத் உருது கலந்திருக்கும்.

போகிற இடத்தில் ஓய்வு என்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிறைப் பற்றி ராமோன் சொன்ன சேதிதான் சூசைராஜைத் தூங்கவிடாமல் அடித்தது. ரியோஹா என்று ஒரு சீமை. கண்ணுக்கு எட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம். காலையில் பஸ் கிளம்பும். கூடவே ஒரு வழிகாட்டி வருவான். தோட்டம் தோட்டமாக இறக்கி, பீப்பாய் பீப்பாயாகத் திராட்சை ரசம், அதாவது ஒயின், ஊற்றி ருசி பார்க்கச் சொல்வான். பார்க்கிற, சுழற்றுகிற, முகர்கிற, துப்புகிற முறையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் மரியாதை.

வீட்டில் சூசைராஜின் நிலைமை என்ன? கிறிஸ்துமஸுக்கு மேரி பீங்கான் ஜாடியில் போடும் திராட்சை ரசத்தில் அவன் பங்கு இருமல் மருந்து மூடியால் ஒரு மூடி. போன கிறிஸ்துமஸுக்கு விருந்துக்கு வந்த ராமோனுக்கு மட்டும் முழு டம்ளர்! அவன் அதைச் சுழற்றி, மோந்து, கண்ணை மூடி, “ஆஹா” என்றான். மேரி பயந்தே போனாள். “ஏங்க, கெட்டுப் போச்சா?” என்று காதில் கேட்டாள். “சும்மா இரு, அவங்க ஊருல ருசி பாக்கிற முறையே அதுதான்” என்று அன்றைக்கு விளக்கம் சொன்னவனும் நம் சூசைராஜ்தான்.

இரானி ஹோட்டலில் சாயா வாங்கி வைத்துக்கொண்டு சூசைராஜும் தியோடரும் திட்டம் போட்டார்கள்.

“துப்பணுமா? கைக்கு, எதுக்கு?” தியோடர் சாயாவைக் கீழே வைத்தான். “துப்புறதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போறோம்?”

“அதாம்லே முறை. தோட்டத்துக்குத் தோட்டம் முழுங்கினா சாயங்காலம் பஸ்ஸை எவன் கண்டுபிடிக்கது?”

“நீ துப்பு. எனக்கு நக்கோ, வேணாம். பஸ்ஸே வந்து என்னைத் தேடட்டும்.”

“அதை விடுலே. மேரி கேப்பாளே, ஞாயித்துக்கிழமை எங்க போனீங்கன்னு? அதுக்கு என்ன சொல்ல?”

“பூசைக்குப் போனேன்னு சொல்லு.”

“நாள் பூராவுமா பூசை?”

அப்போதுதான் சூசைராஜின் சுருள்முடிக்குள் அந்த யோசனை உதித்தது. சவேரியார் பிறந்த கோட்டையும் அந்தப் பக்கம்தான், கொஞ்ச நேரப் பிரயாணம் என்று ராமோன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். சூசைராஜ் மேசையைத் தட்டினான். சாயா துள்ளியது.

வீட்டுக்குப் போனதும் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். “மேரி, எனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு. ஊரு சுத்திப் பாக்க மனசு வரல. சவேரியார் பொறந்த மண்ணை மிதிச்சிட்டு வரலாம்னு இருக்கேன்.”

மேரியின் கையில் ஊசி நின்றது. “நெசமாவா?”

“சவேரியார் மேல ஆணையா” என்று சொல்ல வந்தவன், ஏதோ ஒரு பயத்தில், “நெசமா” என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

மேரி எழுந்தாள். சவேரியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். முழங்காலில் நின்று சிலுவை போட்டாள். அப்புறம் திரும்பி அவன் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், வெகு பிரியமாக. அவனும் சீப்பை எடுத்து ஒரு வாரு வாரிக்கொண்டான். இத்தனை சுலபமாகவா ஒரு பெண்சாதியை ஏமாற்ற முடியும் என்று அவனுக்கே ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு லாலாகுடாவில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், ஜனம் அவனைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி மகளுக்கு வரன் அமைய மெழுகுவர்த்தி கொடுத்தாள். ஒருவர் தன் முழங்கால் வலியை நேரில் எடுத்துச் சொல்லச் சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கோயிலின் இஞ்ஞாசி சாமியார் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சூசை, உன் பெண்சாதி வந்து சொன்னா. எனக்கு அழுகையே வந்துட்டு. பாஷை தெரியாத ஊருல நீ எப்படித் தேடிப் போவ? எங்க சபைச் சாமியார் ஒருத்தர் அங்க இருக்காரு. மதுரையில இருந்தவரு, தமிழ் பேசுவாரு. தந்தி அடிச்சேன். பதிலும் வந்துட்டு. ஞாயித்துக்கிழமை விடியவும் வண்டியோட நீங்க தங்குற இடத்துக்கு வந்துருவாரு. நாள் பூரா கூடவே இருந்து எல்லாம் காட்டுவாரு!”

சூசைராஜ் கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கீழே போட்டான். வழிகாட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான். அங்கி போட்ட வழிகாட்டியை அவன் கேட்கவில்லையே!

“இன்னொண்ணு” என்றார் சாமியார். “அந்தக் கோயில்ல இருந்து பூசைக்கு ஒரு பாட்டில் திராட்சை ரசம் வாங்கிட்டு வா. அரக்கு முத்திரை உடையாம.”

சைக்கிளை மிதித்துக்கொண்டு தியோடர் வீட்டுக்குப் பறந்தான். தியோடர் அலட்டிக்கொள்ளவில்லை. “ஹவ், ஆமா, சாமியார் வருவாரு. வந்தா என்ன? ஜுரம்னு போத்திட்டுப் படு. அவரு ஜெபம் பண்ணிட்டுப் போவாரு. அந்தாண்டை பஸ் ஏறிடலாம். இங்க வந்து கோட்டை பாத்தேன், கொடிமரம் பாத்தேன்னு அளந்து விடு. ஆறாயிரம் மைல் தாண்டிப் போயி யாரு பாக்கப் போறா?”

சூசைராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? அன்று ராத்திரி ரசத்தைத் துப்பாமல் இரண்டு டம்ளர் குடித்தான்.

பம்பாய் ரயில் ஏறுகிற நாள் வந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் மாலையும் கையுமாகப் பாதிக் கோயிலே நின்றது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். தியோடர் கழுத்தில் புதுக் காமிரா தொங்கியது. மேரி கூடைக்குள் கையை விட்டு அந்தப் பச்சைக் கம்பளியை வெளியே எடுத்தாள். குல்லா!

“அங்க குளிருமாம்ல? போட்டுப் பாருங்க.”

சூசைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அப்பாவியையா ஏமாற்றுகிறோம்! குல்லாவை வாங்கி மாட்டினான். அது சுருள்முடிக்கு மேல், பால்குக்கருக்கு டப்பா மூடி போட்டது மாதிரி உட்கார்ந்தது. அமுக்கினான். இறங்கவில்லை.

“சின்னதாப் போச்சே மேரி.”

“சரியாத்தாங்க இருக்கு. நீங்க தூங்கும்போது முடியை அமுக்கிப் புடிச்சு நூல் வச்சு அளவு எடுத்தேன். சவேரியார் மண்ணுன்னு நீங்க சொன்ன அன்னைக்கே பழசை அவுத்துட்டு மொட்டைத் தலைக்குன்னு பின்னினது.”

சூசைராஜின் கை பின்பைச் சீப்புக்குப் போயிற்று.

“மொ... மொட்டையா?”

“நீங்கதான சொன்னீங்க, சவேரியாருக்கு நேர்ந்ததைச் சவேரியார் இடத்துலதான் குடுக்கணும்னு? மணப்பாட்டுல வயித்துவலி வந்துட்டு. இப்ப அவரு பொறந்த வீட்டுக்கே போறீங்க. இதைவிட வேற இடம் கிடைக்குமா?”

“ஞாயித்துக்கிழமை அங்க முடிதிருத்துற கடையெல்லாம் மூடியிருக்கும் மேரி!”

“தெரியும். அதான் சவரக்கத்தியைத் தியோடர் அண்ணன் பெட்டியில வச்சிட்டேன்.”

தியோடர் வானத்தைப் பார்த்தான்.

இஞ்ஞாசி சாமியார் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார். “அந்தச் சாமியாருக்கும் தந்தியில சொல்லியாச்சு சூசை. மொட்டைக்கு அவங்க பாஷையில என்ன வார்த்தைன்னுதான் கொஞ்சம் திணறிட்டேன். கோயில் வாசல்ல நாற்காலி போட்டு வைக்கேன்னு பதில் குடுத்திருக்காரு. ஜுரம் கிரம் வந்தாலும் தூக்கிட்டே போயிருவேன்னாரு.”

‘ஜுரம்’ என்ற வார்த்தையில் சூசைராஜ் நிமிர்ந்து தியோடரைப் பார்த்தான். தியோடர் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“துரோகி!” என்று பல்லைக் கடித்தான் சூசைராஜ். “என்னலே வாங்கின?”

“கைக்கு கத்துறே?” தியோடர் குரல் இறங்கியது. “கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி. மூடியால இல்ல. முழு ஜாடி. பீப்பாய்ல வாய் வெச்சுத் துப்புறதா, வீட்ல உக்காந்து முழுங்குறதா? நீயே சொல்லு.”

சூசைராஜ் குல்லாவோடு மேரி பக்கம் திரும்பினான். தொண்டை இப்போது நிஜமாகவே கரகரத்தது. “உனக்கு எப்ப தெரியும்?”

“ரசத்தை மோந்தீங்களே, அப்பவே. ராமோன் சார் நம்ம வீட்டுல மோந்தப்போ, ருசி பாக்கிற முறைன்னு விளக்கம் சொன்னது யாரு?”

விசில் ஊதியது. சூசைராஜைப் பிடித்துப் பெட்டிக்குள் தள்ளினார்கள். ரயில் நகர்ந்தது. ஜன்னல் வழியே அவன் இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரோஸி அவனைப் பார்த்து, “டாடி மொட்டை! டாடி, டக்லா!” என்று கைதட்டிக் குதித்தாள். மேரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெட்டியோடு கூடவே ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கடைசியாக ஏதோ பிரியமாகச் சொல்லப் போகிறாள் என்று சூசைராஜ் தலையை வெளியே நீட்டினான். அவள் அவனைத் தாண்டி அடுத்த ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்:

“தியோடர் அண்ணே! போட்டோ புடிக்கும்போது மட்டும் அந்தக் குல்லாவைக் கழத்தச் சொல்லுங்க!”