ஆரம்பாக்கம் சர்வரும் ஒரு கட்டுப்பாடற்ற ஆவணமும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு மீட்டிங் போட்டானா என்பது தெரியவில்லை. போட்டிருந்தால் இதைவிடத் தரமான நெருப்பு நமக்குக் கிடைத்திருக்கும். இந்தப் பேருண்மையை எனக்கு உணர்த்தியவர் ஆரம்பாக்கம் தாவீது சார். 2008-ல், மழைக்கு முந்தின ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டு முன்னறையில் நடந்த மாபெரும் பழுது நீக்கத்தைக் கூடவே இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

சார் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்கு பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவு அதிகாரி. அதிலும் 'ஆவணக் கட்டுப்பாடு' அவர் கையில். அவர் நம்பர் போடாத காகிதம் அந்தக் கம்பெனிக்குள் காகிதமே அல்ல, குப்பை. கழிவறைக் கதவில் ஒட்டிய 'தண்ணீர் ஊற்றவும்' அறிவிப்புக்குக்கூட, எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரெவிஷன் நம்பர் உண்டு. மூன்றாவது ரெவிஷன் ஓடுகிறது. தண்ணீர்தான் இன்னும் ஓடவில்லை.

நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். சார் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சாப்பாடும் அங்கேயே, அவர் மனைவி விக்டோரியா அக்கா கையால். ஊரை விட்டு வந்து தனியாகக் கிடப்பவனுக்கு ஞாயிறு, லீவு நாள் வந்தால் பேச ஆள் கிடையாது. அதனால் சார் எந்த மீட்டிங்குக்குக் கூப்பிட்டாலும் தலை சீவிக்கொண்டு போய்விடுவேன். தமிழ் கோர்வையாக எழுதுகிறேன் என்று மீட்டிங்கில் பேசுவதைக் குறித்து வைக்கும் 'மினிட்ஸ்' பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். முன்னறையில் விண்டோஸ், அதோடு பிரின்டர். பின்னறையில் லினக்ஸ். இரண்டையும் ஒரு நீல ஒயர் இணைத்தது. முன்னறையில் ஒருமுறை வைரஸ் வந்து எல்லாம் நாசமானதிலிருந்து, வீட்டின் மொத்த ஃபைல்களையும் சார் பின்னறை லினக்ஸுக்கு மாற்றி, அதற்கு 'சர்வர்' என்று பெயர் சூட்டிவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து பாஸ்வேர்ட் அடித்தால் ஒயர் வழியாகப் பின்னறை ஃபோல்டர் திறக்கும். சர்வருக்கு மானிட்டர் வைப்பது அதன் கௌரவத்துக்கு இழுக்கு என்று மானிட்டரைக் கழற்றி விற்றார். கம்பெனியில் பென் டிரைவ் தடை என்பதால், பெட்டியின் யுஎஸ்பி ஓட்டைகளுக்கு மஞ்சள் டேப் ஒட்டி அதன் மேல் கையெழுத்தும் போட்டார். உலகத்திலேயே பாதுகாப்பான கம்ப்யூட்டர் அதுதான். அதில் இருப்பதை யாரும் எடுக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை காலை விக்டோரியா அக்காவாலும் முடியவில்லை.

அக்கா எடுக்கப் போனது நாலு பக்க மனு. எங்கள் கம்பெனி கேன்டீனை நடத்த விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். கடைசி நாள் அன்றைக்கு, மாலை நாலு மணிக்குள் கம்பெனி கேட்டில் கொடுத்தாக வேண்டும். அக்காவும் அவர் மகளிர் குழுவும் சேர்ந்து போடும் மனு அது. குழுத் தலைவி கெங்கம்மாள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நடவு நட்ட நிலத்தில் இப்போது கம்பெனி காம்பவுண்ட் நிற்கிறது. அக்கா ஒரு பேக்கிங் யூனிட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, நிறுத்தப்பட்டவர். கேன்டீன் கிடைத்தால் குழுவில் அத்தனை பேருக்கும் தினமும் வேலை. என்ன சமைப்பது, யார் எந்த ஷிஃப்ட் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, ரெவிஷன் நம்பர் போட்ட கம்பெனிப் படிவத்தில் டைப் அடித்து சர்வரில் வைத்திருந்தார். பிரின்ட் எடுப்பதுதான் பாக்கி. ஃபோல்டரைத் திறந்தால், 'அனுமதி இல்லை' என்றது.

சாதாரண வீடாக இருந்தால் இந்த இடத்தில் சத்தம் போட்டிருப்பார்கள். சார் சத்தம் போடவில்லை. லீவு போட்டார், எனக்கும் போடச் சொன்னார். பிறகு மீட்டிங் போட்டார்.

கம்பெனியில் மெஷின் நின்றால் ஒரு விதி உண்டு. ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலகாரணம் கண்டுபிடிக்காமல் யாரும் மெஷினைத் தொடக்கூடாது. சுற்று வழியில் ஓட்டுவது 'பைபாஸ்'. அது மகா பாவம். அந்த உயர்ந்த விதியைச் சார் குடும்பத்துக்கும் பொருத்தினார். முன்னறை கம்ப்யூட்டரில் 'பழுது, தொடாதே' என்று சிவப்பு அட்டை தொங்கியது. குழு அமைந்தது. கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் வரதனும் லீவு போட்டு வந்தார். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேரும் செல் ரீசார்ஜும் பார்க்கும் பழவேற்காட்டு ரஷீத் பாய், 'வெளி நிபுணர்' என்ற அந்தஸ்தில் அழைக்கப்பட்டார். விக்டோரியா அக்காவும் ஒரு பதவி பெற்றார். டீ.

முதல் ஏன், மிகச் சிறப்பாக நடந்தது. ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை? அனுமதி இல்லாததால். இதைக் கண்டுபிடிப்பதற்குள் காலை பத்து மணி ஆயிற்று. திரையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது என்றாலும், திரையை நம்புவது விஞ்ஞானம் அல்ல.

இரண்டாவது ஏனில் கருத்து வேறுபாடு எழுந்தது. வரதன் ஒயரைச் சந்தேகித்தார். அவர் அனுபவத்தில் உலகத்தின் எல்லாப் பழுதும் ஒயர்தான். அவருக்கு இரண்டு வருடமாகப் பெண் அமையாததற்குக்கூட. ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார். ரஷீத் பாய் எதையும் சந்தேகிக்கவில்லை. அவரிடம் தீர்வு தயாராக இருந்தது.

"ஃபார்மேட் அடிச்சிடலாம் சார். அல்லாமே புச்சு மாதிரி ஆய்டும்."

"உள்ள இருக்கற ஃபைலு?" என்று கேட்டார் அக்கா, டீ தட்டோடு.

"அது பூடும். ஆனா பிரச்சனையும் பூடும்ல."

இந்தக் கருத்தை நான் மினிட்ஸில் ஏற்றினேன். சார் படித்துவிட்டு 'தொலைநோக்கு' என்று ஓரத்தில் எழுதினார்.

இதற்குள் பன்னிரண்டு மணிக்குக் கரன்ட் போனது. எண்ணூர் அனல் மின் நிலையத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு தினமும் இரண்டு மணி நேரம் இருட்டில் இருப்பது எங்கள் பகுதிக்கு உள்ள தனிப்பெருமை. சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் இருந்ததால் அது தொடர்ந்து யாருக்கும் பயன்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் விசிறிக்கொண்டே மூன்றாவது ஏனை விவாதித்தோம்.

கெங்கம்மாள் அந்த நேரத்தில்தான் வந்தார். பிளாஸ்டிக் கவரும் குடையுமாக, கிளம்பத் தயாராக வந்தவர், எங்களைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா, காலீலேர்ந்து பொட்டிய சுத்தி குந்திக்கினு கீறீங்களாமே. சாவு ஊடு கணக்கா."

மூலகாரணம் ஆராய்கிறோம் என்று சார் பொறுமையாக விளக்கினார். கெங்கம்மாளுக்குப் படிப்பு இல்லை, அதனால் மிகவும் தவறான யோசனைகளாகச் சொன்னார். முன்னறை டிவி மாதிரி இருப்பதைக் கழற்றிப் பின்னறைப் பெட்டியில் மாட்டிப் பார்க்கலாம் என்றார். அது பைபாஸ் என்று நிராகரிக்கப்பட்டது. மஞ்சள் டேப்பைக் கிழித்துக் குச்சி மாதிரி ஒன்றைச் சொருகுவார்களே, அதைச் சொருகலாம் என்றார். அது பைபாஸ் மட்டுமல்ல, டேப்பில் கையெழுத்து இருக்கிறது. கரன்ட் வந்ததும் அக்கா மறுபடி டைப் அடிக்கட்டும் என்றார். சார் சிவப்பு அட்டையைக் காட்டினார்.

"அப்ப கையால எய்தித் தரேன்னு சொல்றா இவ. அல்லாம் அவளுக்கு மனப்பாடம்" என்றார் கெங்கம்மாள்.

சார் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக வேதனை தெரிந்தது.

"கையால எழுதினா அது கட்டுப்பாடற்ற ஆவணம். ரெவிஷன் நம்பர் கெடையாது, ஃபார்மேட் கெடையாது. கம்பெனில எடுத்துக்க மாட்டாங்க."

"எடுத்துக்க மாட்டாங்கன்னு யார் சொன்னது?" என்றார் அக்கா.

"அந்த ரூல எழுதினதே நான்தான்."

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நடுவில் எழுந்து எங்கள் எல்லோருக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். மறுபடி போய் எழுதினார். மூன்று மணி வாக்கில் நாலு பக்கத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டி பஸ்ஸுக்கு ஓடினார்கள். சார் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் நாலாவது ஏனில் இருந்தோம்.

நாலாவது ஏன் எங்களைப் பாஸ்வேர்டிடம் கொண்டுவந்து சேர்த்தது. கம்பெனி விதிப்படி பாஸ்வேர்டை அடிக்கடி மாற்ற வேண்டும். அதை வீட்டிலும் கடைப்பிடித்து, வெள்ளிக்கிழமை ராத்திரி, அக்கா டைப் அடித்து முடித்த பிறகு, சார் லினக்ஸின் பாஸ்வேர்டை மாற்றி, புதியதை அக்காவிடமும் சொல்லியிருந்தார். லினக்ஸில் பாஸ்வேர்ட் இரண்டு. பெட்டிக்குள் நுழைய ஒன்று. ஒயர் வழியாக வந்து ஃபோல்டரைத் திறப்பவருக்குத் தனியாக இன்னொன்று. முதலாவதை மாற்றினால் இரண்டாவது தானாக மாறாது. அது பழையதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், சார் புதிய பாஸ்வேர்டைக் காலையிலிருந்து அடிக்க அடிக்க, அது 'அனுமதி இல்லை' என்பதை ஒரு அதிகாரிக்குரிய நிதானத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தது என்பதுதான்.

நாலு மணி ஆகச் சற்று நேரம் இருக்கும்போது சாரின் செல் அடித்தது. கம்பெனி கேட்டிலிருந்து பேசினார்கள். சார் செல்லை இடது தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் தட்டிக்கொண்டே பேசினார்.

"கேன்டீன் அப்ளிகேஷனா... கையால எழுதினதா? ரெவிஷன் நம்பர் கீதா? இல்லைல்ல. அப்புறம் இன்னாத்துக்கு என்னக் கேக்கறீங்க."

நான் பேனாவை வைத்துவிட்டு, "சார், அது அக்காவோடது" என்றேன்.

சார் ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் அந்த அறையில் ஒரு மனுஷன் இருந்தான் என்று நான் எங்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். பிறகு அதிகாரி திரும்பி வந்துவிட்டார்.

"யார்தா இருந்தா இன்னா. ரூலுன்னா ரூலு" என்று என்னிடம் சொன்னார். செல்லில், "எடுத்துக்காதீங்க" என்றார்.

சொல்லும்போதே வலது கை, நினைவில்லாமல், பழகின பழக்கத்தில், பழைய பாஸ்வேர்டை அடித்து என்டரைத் தட்டிவிட்டது. ஃபோல்டர் திறந்தது.

வரதன் கை தட்டினார். ரஷீத் பாய், ஃபார்மேட் அடிக்காமலே திறந்ததில் கொஞ்சம் மனம் வாடினாலும், அவரும் தட்டினார். திரையில் அக்காவின் மனு அழகாக நின்றது: கிழமைவாரியாகச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை மீன். இப்போதாவது கேட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாமே என்றேன். 'சரிபார்ப்பு' முடியாமல் எதுவும் சொல்லக்கூடாது என்று, சார் ஃபோல்டரை மூடித் திறந்து, மூடித் திறந்து, திருப்தி அடைந்து, பிரின்ட் எடுத்தார். நாலு பக்கமும் எழுத்துப் பளிச்சென்று வந்தன. அப்போது மணி நாலேகால்.

இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பினார்கள். கெங்கம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உம் பேரச் சொல்லித்தான் துரத்தினாங்க நைனா. எங்களுக்கே பெருமையாப் பூட்ச்சி."

அக்கா குடையை மூலையில் வைத்தார். பிளாஸ்டிக் கவர் இன்னும் கையில் இருந்தது.

"காலைல நாஷ்டா போட்டேன், மத்தியானம் சோறு போட்டேன், கேக்கறப்பல்லாம் டீ போட்டேன். எடுத்துக்கன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா நம்பர் வேணும் உங்களுக்கு?"

"ரெவிஷன் நம்பர்" என்றார் சார். கேள்விக்குச் சரியான பதில்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு மாடிக்கு வந்தது. சாருக்குத் தட்டில் போட்டு மூடி வைத்திருந்ததாகக் கேள்வி. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அக்கா தச்சூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் இரும்புத் துகள் கூட்டப் போகிறார். கெங்கம்மாளும் கூடப் போகிறார்.

ஐந்தாவது ஏன் மட்டும் பாக்கி இருந்தது. அதைச் சார் தனியாக உட்கார்ந்து முடித்தார். மூலகாரணம் என்ற கட்டத்தில், 'உபயோகிப்பவர் கடைசி நேரம் வரை காத்திருந்தது' என்று எழுதி, நிரந்தரத் தீர்வு என்ற கட்டத்தில், 'உபயோகிப்பவருக்குப் பயிற்சி அளித்தல்' என்று எழுதினார். அந்த அறிக்கை கம்பெனியின் தர விழாவில் 'இல்லத்திலும் தரம்' என்ற பிரிவில் முதல் பரிசு வாங்கியது. பரிசு, ஒரு பிரஷர் குக்கர். நோட்டீஸ் போர்டில் போட்டோ இருக்கிறது. சார், வரதன், வெளி நிபுணர், ஓரத்தில் நான்.

கேன்டீன் வேறொரு கான்ட்ராக்டருக்குப் போனது. மனுப் போட்டவர் அவர் ஒருவர்தான். அவருடைய மனுவில் ரெவிஷன் நம்பர் இருந்தது.

போன வாரம் மதியம் கேன்டீனில் எனக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த சார் திடீரென்று முகம் சுளித்தார். வாயிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்து, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத சும்மா வுடக்கூடாது. நாளிக்கே மீட்டிங். சோத்துல ஏன் கல்லு வந்துச்சுன்னு அஞ்சு ஏனும் கேட்டாவணும். நீதான் மினிட்ஸ்."

நான் எழுதத் தயார். அரிசி களையாததால் கல் வந்தது. கான்ட்ராக்டரைக் கேட்க ஆளில்லாததால் களையவில்லை. போட்டிக்கு வேறு மனு இல்லாததால் கேட்க ஆளில்லை. வந்த இன்னொரு மனுவைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பியதால் வேறு மனு இல்லை. இதோடு நாலு முடிகிறது. ஐந்தாவது ஏனுக்கு விடை, எனக்கு எதிரே உட்கார்ந்து, இன்னொரு கரண்டி மோர் கேட்டுக்கொண்டிருந்தது.