யார் முதலில் போனை வைப்பது?

ஒரு தேயிலைத் தோட்டம் முழுவதையும் ஒரு காலை வேளை ஊமையாக்கிய பெருமை எனக்கு உண்டு. அதற்காக நான் எதையும் உடைக்கவில்லை, எந்தக் கம்பியையும் அறுக்கவில்லை. எல்லாரும் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். (மரியாதையால் இவ்வளவு சேதம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆபீசில் நான் டெலிபோன் ஆபரேட்டர். வயது இருபத்திரண்டு. அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. எங்கள் லைன் வீடுகளில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண் நான்தான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அக்கா நடக்கும்போதுகூட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் நடக்கும் என்று என் தம்பி சொல்வான்.

என் முன்னால் ஒரு பலகை. அதில் பதினெட்டு ஓட்டைகள். துரை பங்களா, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, டிவிஷன் ஆபீஸ்கள், பள்ளிக்கூடம், கடை என்று ஆளுக்கொரு ஓட்டை. யாராவது போனை எடுத்தால் அவருடைய ஓட்டைக்கு மேலே ஒரு சின்ன மூடி கீழே விழும். "யாரு வேணும்?" என்று கேட்டு, ஒரு வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஓட்டைகளில் செருகுவேன். பேசி முடித்ததும் உருவி விடுவேன்.

பேசி முடித்ததும் என்று சுலபமாக எழுதிவிட்டேன். எங்கள் தோட்டத்தில் பேச்சை ஆரம்பிப்பது எளிது, முடிப்பதுதான் கஷ்டம். பெரியவர் வைப்பதற்கு முன்னால் சிறியவர் போனை வைக்க மாட்டார். கங்காணி, ஆபீஸ் எழுத்தரான கிராணிக்காகக் காத்திருப்பார், கிராணி துரைக்காகக் காத்திருப்பார். இரண்டு பேரும் ஒரே பதவி என்றால் இரண்டு பேருமே காத்திருப்பார்கள். நான் நடுவில் காதை வைத்துக் கேட்பேன். (ஒட்டுக் கேட்பது என் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனால் அதைத்தான் மிகவும் பொறுப்பாகச் செய்தேன்.) மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டால் சத்தம் போடாமல் வயரை உருவிவிடுவேன். 'டொக்' என்று கேட்டதும் அவர் வைத்துவிட்டார் என்று இவரும், இவர் வைத்துவிட்டார் என்று அவரும் நினைத்து நிம்மதியாக வைப்பார்கள். இப்படி நாலு வருஷம் ஓடியது. இதையெல்லாம் ஒரு வேலை என்றே நான் நினைக்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் துரை கூப்பிட்டனுப்பினார். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் போய் வெகுநாளாகிவிட்டது, பட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். தோட்ட மேனேஜரான எங்கள் துரை சிரம்பான்காரர், தமிழர்.

"சரோஜா, நம்பர் சுத்துனா தானே லைன் குடுக்குற மெஷின் வருது. இனிமே ஆபரேட்டர் தேவப்படாது" என்றார்.

நான் என் பலகை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாத. பழசுலேருந்து புதுசுக்கு மாறுறது ஒழுங்கா நடக்கணும். நம்பர் போடுறது, ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது எல்லாம் உன் பொறுப்பு. நல்லா நடந்துச்சுன்னா உன்ன ஆபீஸ்லயே சின்னக் கிராணியா போட்டுடறேன்."

"நடக்கலன்னா தொரை?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிர் மலையில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அம்மாவும் இருந்தார்.

மெஷினோடு ஈப்போவிலிருந்து மிஸ்டர் லிம் என்கிற டெக்னீஷியன் வந்தார். பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. லிம் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் பேசுவார். இளம்பெண் யாராயிருந்தாலும் அவருக்கு 'அமோய்'தான். பெட்டியைத் திறந்து, உள்ளே வரிசையாக இருந்த ஐந்து சின்ன விளக்குகளைக் காட்டினார்.

"அமோய், இதுக்குள்ள அஞ்சு ஜாலான் மட்டும்தான் லா. அஞ்சு ஜோடி பேசுனா அஞ்சு ஜாலானும் ஃபுல். ஆறாவது ஆளு துங்கு, காத்துகிட்டு இருக்கணும். பேசி முடிச்சா போன கீழ வைக்கணும். வைக்கலன்னா ஜாலான் திரும்பி வராது. பஹாம்?"

"பஹாம்" என்றேன். ஐந்து பாதை, ஐந்து விளக்கு, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

மூன்று வாரம் தயாரிப்பு. முதலில் நம்பர் போட்டேன், பதினொன்றிலிருந்து இருபத்தெட்டு வரை. ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு வந்தது. டிரஸ்ஸர் (எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் அவர் ஒருவர்தான்) நேரிலேயே வந்துவிட்டார். "எட்டு வேணாம்மா. ஏற்கெனவே இங்க வர்றதுக்கு ஆளுங்க பயப்படுறாங்க." அதே சமயம் கடைக்காரச் சீனத் தவுக்கே, தனக்குப் பதினான்கு வந்துவிட்டது என்று முகம் வெளுத்து நின்றார். அவர்களுக்கு நாலு என்றால் சாவு. எட்டு என்றால் ஐசுவரியம். இரண்டையும் மாற்றிப் போட்டேன். இருவரும் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது என்று நினைக்கிறேன்.

அடுத்தது விதிமுறைத் தாள். போனை எடு, 'கொர்' என்ற சத்தம் வரும்வரை பொறு, நம்பரைச் சுழற்று என்று லிம் சொன்னது மொத்தம் ஆறு விதி. ஆறோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் சின்னக் கிராணியாகப் போகிறவள் ஆறோடு நிறுத்தலாமா? என் சொந்தச் சரக்காக நாலு விதி சேர்த்துப் பத்தாக்கினேன். வெற்றிலை மென்றுகொண்டு பேசக் கூடாது என்பது எட்டாவது. ஏழாவது இது: 'பேசி முடிந்ததும், பதவியில் பெரியவர் வைக்கும்வரை சிறியவர் ரிசீவரை வைக்கக் கூடாது.' அதைச் சைக்ளோஸ்டைல் எடுத்து, பதினெட்டு போனுக்கும் மேலே சுவரில் நானே ஒட்டினேன்.

தமிழ் படிக்கத் தெரியாத லிம், "நான் ஆறுதானே சொன்னேன்? கீழ நாலு என்னா?" என்று கேட்டார்.

"மரியாதை" என்றேன்.

"பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டினார்.

பிறகு சோதனை. லிம் ஒவ்வோர் இடமாகப் போய்க் கூப்பிட, நான் ஆபீசில் எடுத்தேன். "கேக்குதா?" "கேக்குது." டொக். டொக். பதினெட்டு போனிலும் ஒரு குறை இல்லை. (நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் துளியும் மதிக்கவில்லை, அதனால்தான் சோதனை அத்தனை அழகாகத் தேறியது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.)

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பெட்டிக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டினோம். குங்குமம் உள்ளே விழுந்துவிடுமோ என்று லிம் ஒரு கையால் பெட்டியின் மேல் துவாரத்தைப் பொத்திக்கொண்டு கும்பிட்டார். பழைய பலகையிலிருந்து நான் எல்லா வயரையும் உருவினேன். லிம் சுவிட்சைப் போட்டார்.

தோட்டமெங்கும் மணி அடித்தது. எல்லாருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்க ஆசை. என் மேசையிலும் மணி அடித்தது. எடுத்தால் அப்பா. வாட்டும் மாடியிலும் ஒரு போன் வைத்திருந்தோம்.

"சரோஜா, அப்பா பேசறேம்மா. கேக்குதா?"

"நல்லா கேக்குதுப்பா!"

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கும்மா. சரிம்மா" என்றார். அதற்குள் துரை தன் அறையிலிருந்து என்னைக் கூப்பிட, நான் ஓடினேன்.

துரை ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். "சத்தமே வரலியே சரோஜா?"

நான் வாங்கிக் கேட்டேன். 'கொர்' இல்லை. கிணறு மாதிரி இருந்தது. லிம் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். ஐந்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

"அஞ்சு ஜாலானும் ஃபுல் லா. எல்லாரும் பேசுறாங்க. கொஞ்சம் துங்கு."

பத்து நிமிடம் காத்திருந்தோம். இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு விளக்கும் அணையவில்லை. லிம் தன் பையிலிருந்து வயர் தொங்கும் ஒரு சோதனைக் கைப் போனை எடுத்து, முதல் பாதையில் மாட்டி, எங்களுக்கும் கேட்கும்படி பிடித்தார். தொழிற்சாலைக் கிராணி மாணிக்கமும் இரண்டாம் டிவிஷன் கிராணி தேவராஜுவும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நீங்க வைங்க சார்."

"சேச்சே, நீங்க மொதல்ல வைங்க சார்."

நீண்ட அமைதி.

"வெச்சிட்டீங்களா சார்?"

"இல்ல சார், இருக்கேன்."

இரண்டாவது பாதையில் ஒரு கங்காணியும் விருந்தினர் பங்களாச் சமையல்காரரும் தங்களில் யார் பெரியவர் என்று கொஞ்சம் சூடாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் டிரஸ்ஸரும் பள்ளிக்கூட வாத்தியாரும். நாலாவதில் ஸ்டோர்காரர் தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் துரையம்மா ரிசீவரைப் பூச்சாடி பக்கத்தில் வைத்துவிட்டுப் பூந்தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது. ஐந்தாவதில் பேச்சே இல்லை. தூரத்தில் மின்விசிறி மாதிரி ஓர் இரைச்சல் மட்டும்.

லிம் முதல் பாதையில் புகுந்து, "ஹலோ, போன் வைங்க!" என்று கத்தினார். இரண்டு கிராணிகளும் கப்சிப். கோலாலம்பூரிலிருந்து யாரோ பெரிய துரை பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். இனி அவர் வைக்காமல் இவர்கள் எப்படி வைப்பார்கள்?

துரை பொறுமையிழந்து கைப் போனைப் பிடுங்கினார். "நான் தொரை பேசறேன்! ரெண்டு பேரும் போனைக் கீழ வைங்க!"

"சரிங்க தொரை" என்று இரண்டு குரல்களும் ஒன்றாகச் சொல்லின. பிறகு இருவரும் துரை வைப்பதற்காகப் பணிவோடு காத்திருந்தார்கள். லிம்முடைய கைப் போனை வைப்பதற்கு இடமே கிடையாது. அது பையில் போடுகிற சாமான்.

"பெட்டியையே அணைச்சுப் போட்டா?" என்று கேட்டேன்.

"புண்ணியம் இல்ல. கையில தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிறாங்க. போட்டவுடனே திரும்பப் புடிச்சிக்கும்" என்றார் லிம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாகுஸ் இல்லை. "அமோய், கீழ அந்த நாலுல என்னா எழுதின?"

சொன்னேன். துரை சுவரில் இருந்த தாளை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "நீ எழுதின சட்டம். நீயே போய் எடுத்து வை" என்றார்.

போன் செய்து 'போனை வையுங்கள்' என்று சொல்ல முடியாத நிலையில், கொழுந்து லோரியில் ஏறிப் புறப்பட்டேன். ஒவ்வொரு வளைவிலும் எதிர் மலைக் கூடைகள் கண்ணில் பட்டன. எனக்கு எந்தக் கூடை பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

தொழிற்சாலையில் மாணிக்கம் கிராணி இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், தயவு செஞ்சு வைங்க."

"நான் எப்படிம்மா வைக்கிறது? தேவராஜு சார் வெச்சாரான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

தேவராஜு சார் இருந்தது நாலு மைல் வளைவுக்கு அப்பால். நான் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு நாலு வருஷமாகச் செய்துவந்ததையே வாயால் செய்தேன். "அவரு வெச்சிட்டாரு சார்" என்றேன். முகம் மலர்ந்து வைத்துவிட்டார். நாலு மைல் தாண்டித் தேவராஜு சாரிடமும் அதே பொய். கங்காணியிடம், சமையல்காரரிடம், டிரஸ்ஸரிடம், வாத்தியாரிடம், ஸ்டோரில் என்று ஒரே பொய்யைத் தோட்டம் முழுக்க இறக்கிவிட்டு, பூச்சாடி பக்கத்தில் கிடந்த ரிசீவரையும் வைத்துவிட்டு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆபீசுக்குத் திரும்பினேன்.

துரை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் ஐந்தாவது விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. லிம் குனிந்து வயரைத் தடவிக்கொண்டே வந்தார். பெட்டியின் பின்புறம், சுவரோரம், கதவு தாண்டி வந்து என் மேசையில் நின்றார். நம்பர் தாள்களை விலக்கினார். அடியில் என் ரிசீவர் கவிழ்ந்து கிடந்தது.

எடுத்துக் காதில் வைத்தேன். மாடியின் பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"அப்பா?"

"இருக்கேம்மா."

"காலையிலேருந்தா நிக்கிறீங்க? கொழுந்து?"

"பக்கத்து ஆள பாத்துக்கச் சொன்னேன்."

"ஏம்பா வைக்கல?"

"நீ இன்னும் வைக்கலயேம்மா. ஏழாவது சட்டம் போட்டிருக்கே. ஆபீஸ்ல இருக்கிறவ நீ. நீதான பெரியவ?" என்றார். அதில் கேலி துளியும் இல்லை.

துரையும் லிம்மும் பின்னால் நின்றார்கள். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பெட்டியின் குங்குமப் பொட்டையே பார்த்துக்கொண்டு, "சரிப்பா, நான் வைக்கிறேன்" என்றேன். வைத்தேன். ஐந்தாவது விளக்கு அணைந்தது.

துரை என்னை மலைக்கு அனுப்பவில்லை. சின்னக் கிராணியாகவும் போடவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆட்கள் போனை வைக்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் தேவை என்று தலைமை ஆபீசுக்கு எழுதினார். ஆபரேட்டர் தேவைப்படாத மெஷினுக்குப் பக்கத்தில் ஆபரேட்டராகவே கல்யாணம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். லிம் எனக்கும் ஒரு கைப் போன் வாங்கிக் கொடுத்தார். விளக்கு அதிக நேரம் எரிந்தால் அதை மாட்டி, "அவரு வெச்சிட்டாரு" என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்வேன்.

இப்போது நான் ஈப்போவில் இருக்கிறேன். அப்பா ரிங்லெட்டில் தம்பி வீட்டில். கைத்தொலைபேசி வந்த பிறகும் அவர் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொட்டதில்லை. பேசி முடித்தால் தம்பி பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "தாத்தா, கிராணியம்மா வெச்சிட்டாங்களா?" என்று கத்துவது எனக்குக் கேட்கும். "சும்மா இருங்கடா, இன்னும் வைக்கல" என்று அவர் அதட்டுவதும் கேட்கும். சின்னக் கிராணி வேலை எனக்கு எஸ்டேட்டில் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்பா அதை அன்றைக்கே கொடுத்துவிட்டார். அதனால் ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் வைக்க வேண்டியிருக்கிறது.