சனிக்கிழமையின் கடைசி ஆள்

ஒரு புதன்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே லிஃப்ட் மெக்கானிக் ஒரு சபதம் எடுத்தார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, தன் சனிக்கிழமையை இனி எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. பதினேழு கட்டடங்களில் நாற்பத்தொரு லிஃப்ட் அவர் பொறுப்பு. தினம் ஒன்று நடுவழியில் நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவு இடுக்கு வழியாக அவருடைய பரம்பரையையே விசாரிப்பார்கள். சனிக்கிழமை ஒரு நாள்தான் நாள் முழுக்கப் போன் அடிக்காது; ஞாயிறு மதியமே ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை ஒன்பது மணி வரை கம்பளிக்குள் கிடப்பார். பிறகு ஜன்னலோர நாற்காலிக்கு மாறுவார். குளிர்காலக் கடைசியில் அந்த ஜன்னலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் வெயில் வரும். அதில் ஒரு நிமிஷத்தைக் கூட அவர் வீணாக்கியது கிடையாது.

ஆபத்து மனைவி ரூபத்தில் வந்தது. அவள் ஒரு நடைக்குழுவில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை தோறும் காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் கூடுவார்கள், பழைய கல்குவாரி வழியாகக் குன்றின் மேல் ஏறுவார்கள், இறங்குவார்கள். இரண்டு மாதமாக இவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல என்னதான் இருக்கு?" என்றார் அவர்.

"ஊரே தெரியுங்க."

"ஊரு கீழேயே நல்லாத் தெரியுது. அதுக்கு எதுக்கு மேல போகணும்?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுன்னுதான்."

"மனுஷன் படி ஏறக்கூடாதுன்னு இருபத்தஞ்சு வருஷமா உழைக்கிறவன் நான். என்னைப் போய்க் குன்று ஏறச் சொல்ற. கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"இருபத்து மூணு பேர் ஏறுறாங்களே."

"அத்தனை பேர் பார்த்துட்டு வந்து சொன்னாப் போதாதா? நான் நம்பறேன்."

மனைவி கொஞ்ச நேரம் துணி மடித்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"சரி, ஒரே ஒரு தடவை வாங்க. சரிப்படலேன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டேன். ஆனா ஒண்ணு. மெதுவா நடந்து என் மானத்தை வாங்கிடாதீங்க. குழுவை நடத்துற டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. யாராவது பின்தங்கினா அன்னைக்கே லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க."

மெக்கானிக்கின் காது நிமிர்ந்தது.

"எடுத்துடுவாங்களா?"

"ஆமா. அதான் சொல்றேன், வேகமா நடங்க."

இந்த இடத்தில் மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக டைம்டேபிள் போடுகிறவள். நாற்பது ஆசிரியர்கள். யாருக்கும் கடைசிப் பீரியட் பிடிக்காது. ஆனால் அவள் போட்டு முடித்ததும், கடைசிப் பீரியட் கிடைத்தவர் வந்து அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். இது மெக்கானிக்குக்கும் தெரியும். தெரிந்தும் மறந்தார். தூக்கத்தின் மேல் உள்ள ஆசை அப்படி.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் பனி மூட்டம். எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது. கம்பளித் தொப்பியும் கையுறையுமாக இருபத்து மூன்று பேர் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் விளையாட்டு வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதினார். குளிரில் அத்தனை பேரும் தீப்பிடித்த மாதிரி கிளம்பினார்கள்.

நம் ஆள் ஊர்ந்தார். அதில் தன் முழுத் திறமையையும் காட்டினார். ஷூ கயிற்றை எட்டுத் தடவை கட்டினார். இலையில்லாத மரம் ஒவ்வொன்றையும் ஏற இறங்கப் பார்த்தார். பனி உருகிச் சகதியான இடங்களில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தார். கல்குவாரியில் துருப்பிடித்த கப்பி ஒன்று தொங்கியது. அதன் எதிரே பத்து நிமிஷம் நின்றார். அது மட்டும் நடிப்பில்லை. கப்பி உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு.

குழுவிலேயே கனத்த உடம்புக்காரர் பல் டாக்டர். அவர் திரும்பிப் பார்த்துப் பார்த்து மூச்சு வாங்கினார்.

"என்ன சார், வரீங்களா?"

"நீங்க போங்க டாக்டர். நான் பின்னாடியே வரேன்."

"ரொம்ப உபகாரம் சார். கொஞ்ச நாளாவே எனக்குப் பின்னாடி யாருமே இல்ல."

மெக்கானிக் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. டீச்சர் எழுந்து நேராக அவரை நோக்கி வந்தார். கையில் பட்டியல். வந்தது தீர்ப்பு என்று மெக்கானிக் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்திய தலை வழியாக ஓர் ஆரஞ்சு நிற ஜாக்கெட் இறங்கியது. இருபத்து மூன்று பேரும் கை தட்டினார்கள்.

"மூணு வாரமா ஆள் தேடிட்டிருந்தோம் சார்" என்றார் டீச்சர். "எங்க குழுவுல முன்னாடி ஒருத்தர் வழி காட்டணும், பின்னாடி ஒருத்தர் யாரும் விட்டுப்போகாமப் பாத்துக்கணும். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால போகக் கூடாது. இந்தக் குளிர்ல எல்லாரும் ஓடிடறாங்க. உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க, எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு, எந்த இடத்துக்கும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததே இல்லன்னு."

"நான் ஒரு தடவைதான்..."

"கடைசி ஆள் வரலேன்னா நடையே கிடையாது சார். இத்தனை பேரும் ஏரிக்கரையில நின்னு விறைச்சுப் போயிடுவோம்."

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் வெடித்தார்.

"மெதுவா வந்தா பேரை எடுத்துடுவாங்கன்னு சொன்னியே?"

"எடுத்துட்டாங்களே. உறுப்பினர் லிஸ்ட்லேர்ந்து எடுத்துப் பொறுப்பாளர் லிஸ்ட்ல போட்டுட்டாங்க."

"இது அநியாயம்."

"கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்துல உங்களுக்கு எல்லாரும் கை தட்டினது இன்னைக்குத்தான். அதையும் அநியாயம்ங்கறீங்க."

அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமைகளை மெக்கானிக் தன் ஆயுளில் மறக்க மாட்டார். ஒருத்தர் தண்ணீர் குடித்தால் அவர் நிற்க வேண்டும். இரண்டு அக்காமார் மருமகள்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், முழு வழக்கையும் கேட்டு முடித்துத்தான் நகர வேண்டும். நிற்க நிற்கக் கால் மரத்தது, மூக்கு ஒழுகியது. மெதுவாக நடப்பது சுகம் என்று நினைத்திருந்தார். பிறர் மெதுவாக நடப்பதற்குக் காவல் நிற்பது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டு ஜன்னலில் அவர் இல்லாமலேயே வெயில் வந்து போய்க்கொண்டிருந்தது. அதை நினைத்தால் அவருக்கு அழுகையே வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை பல் டாக்டரிடம் வாய்விட்டே கேட்டார்.

"டாக்டர், இந்த ஜாக்கெட்டை எப்படிக் கழற்றுறது?"

"முந்தி ஒரு தபால்காரர் போட்டிருந்தாரு சார். ஒரு நாள் என்ன நினைச்சாரோ, விறுவிறுன்னு நடந்து எல்லாரையும் முந்திட்டாரு. டீச்சர் அப்பவே ஜாக்கெட்டைப் பிடுங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்ச நாள்ல சனிக்கிழமைப் பக்கமே அவரைக் காணோம்."

அவ்வளவுதான். மெக்கானிக்குக்குள் எங்கோ ஒரு ஸ்விட்ச் விழுந்தது. கால் சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டார். கிளம்பினார். சகதியா, பள்ளமா, பார்க்கவில்லை. டாக்டரைத் தாண்டினார், அக்காமாரை வழக்கின் நடுவில் தாண்டினார், வழிகாட்டியைத் தாண்டினார், மனைவியையும் தாண்டினார். கல்குவாரிக் கப்பிக்கு ஒரு வணக்கம் கூடப் போடவில்லை. உச்சியில் அவர் போய் நின்றபோது காக்கை கூட எழுந்திருக்கவில்லை.

டீச்சர் மூச்சிரைக்க வந்தார். நம்பமுடியாமல் அவரைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டை உருவி, ஆகக் கடைசியாக வந்த பல் டாக்டருக்கு மாட்டிவிட்டார்.

இறங்கும்போது மெக்கானிக் விசிலடித்தார். அன்று மதியம் சாப்பாட்டில் உப்பு இல்லை. அதையும் பாராட்டினார். மனைவி எதுவும் சொல்லாமல் பரிமாறினாள். ஏமாந்தவள் பேச மாட்டாள் என்று அவர் அதற்கும் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து, கை துடைக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு அஞ்சரைக்கு எழுந்துக்கணும். அலாரம் வெச்சுட்டேன்."

"நாளைக்கா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"வேகமா நடக்கறவங்க குழு ஞாயித்துக்கிழமைதாங்க. இருபது கிலோமீட்டர். நீங்க ஓடினதைப் பார்த்ததும் டீச்சரே மேலேர்ந்து போன் போட்டு உங்க பேரைக் கொடுத்துட்டாங்க. ஆறு மணிக்குத் தபால்காரர் காரோட வந்து வாசல்ல ஹாரன் அடிப்பாரு."

தபால்காரர் எங்கே போனார் என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்கு விளங்கியது.

"சரி, தொலையட்டும். சனிக்கிழமையாவது மிச்சமாச்சே."

"அதெப்படி? டாக்டர் புதுசு. பழைய கடைசி ஆள் ரெண்டு மாசம் கூடவே நடந்து பழக்கிவிடணும். அது குழுவோட வழக்கம்."

தலையெழுத்து என்று வந்துவிட்ட பிறகு துணைக்காவது ஓர் ஆள் இருக்கட்டும் என்று நினைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு நீயும் வருவேல்ல?"

"நானா?" மனைவி ஜன்னலோர நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "வாரம் பூரா வேலை, சனிக்கிழமை குன்று. ஒரு நாளாவது மனுஷி தூங்க வேண்டாமாங்க?"