கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்த கதை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். வாயால் சொல்லலாம் என்றால் அது இன்னும் மோசம். கல்யாண வீட்டில் யாராவது "வாங்க" என்றாலே தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். அதனால் எழுதிவிடுகிறேன்.

கணபதி என்கிற ஊரில் ஒரு சின்னக் கடை வைத்து, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் கழற்றித் துடைக்கக் கை அரிக்கும். அந்த அரிப்பு சில வருஷத்துக்கு முன்னால் என் மகள் வைஷ்ணவியின் கம்ப்யூட்டர் வரைக்கும் போனது.

அப்போது அவள் கல்லூரியில் இருந்தாள். இன்டர்நெட்டில் சுடுகிற கேம் ஆடுவாள். அவள் அணியில் இன்னும் நாலு பெண்கள், நாலு ஊரில். ஒருத்தியை ஒருத்தி நேரில் பார்த்ததே இல்லை. ஆயுத பூசை அன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். ஜெயித்தால் ஐந்து பேரையும் பெங்களூருக்கு அழைத்து மேடையில் ஆடவைப்பார்களாம். "ஜெயிச்சா எல்லாரும் ஒரே ரூம்ல தங்குவோங்கப்பா" என்று வீட்டில் அதே பேச்சு.

அன்று காலையில் ஸ்கூட்டர், கிரைண்டர், தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். வைஷ்ணவி குளிக்கப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் மட்டும் தூசியோடு நின்றது. சாயங்காலம் உழைக்கப் போகிற மிஷினை அப்படி விடலாமா? மூடியைக் கழற்றினேன். (காயில் கட்டுகிறவனுக்கு நாலு ஸ்குரூ ஒரு விஷயமா?) உள்ளே ஃபேன் முழுக்கப் பஞ்சு மாதிரி தூசி. அடியில் இருந்த அலுமினியக் கட்டையோடு அதைத் தூக்கினேன். கீழே சதுரமாக ஒரு தகடு. அதன்மேல் காய்ந்துபோன வெள்ளைப் பூச்சு.

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. விற்ற கடைக்காரர் எவ்வளவு பக்தியாக உள்ளேயே சந்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறார்! சுரண்டியெடுத்து, பளபளவென்று துடைத்து, புதுச் சந்தனம் குழைத்துத் தாராளமாக வைத்தேன். நடுவில் குங்குமம். ஃபேனை மேலே வைத்து ஸ்குரூவை முடுக்கிவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியபோது நன்றாகத்தான் ஓடியது. (சந்தனம் ஈரமாக இருந்த வரைக்கும் என்று பிறகு தெரிந்தது.) கொஞ்ச நேரத்தில் ஃபேன், தண்ணீர் இல்லாத கிணற்றில் ஓடுகிற மோட்டார் மாதிரி அலறியது. வீடெல்லாம் வாசம்.

"ஏனுங்க, கோயிலாட்ட மணக்குதுங்க!" என்றாள் என் மனைவி சரசு சந்தோஷமாக.

வைஷ்ணவி அலறினாள். "அப்பா, படம் இழுத்து இழுத்து வருது! ஏதாச்சும் பண்ணுனீங்களா?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு. பழைய சந்தனத்த எடுத்துப்போட்டுப் புதுசு வெச்சேன்."

"எங்கீங்கப்பா வெச்சீங்க?"

"உள்ள. ஃபேனுக்கு அடியில."

அவள் தலையில் மாட்டியிருந்த மைக் என் பேச்சையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. நாலு ஊரிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது. அதோடு திரை அணைந்தது.

கம்ப்யூட்டர் விற்ற ரஹீம் பாய்க்குப் போன் போட்டேன். "பாய், நீங்க வெச்சிருந்த சந்தனத்த மாத்திப்போட்டேனுங்க..."

"ஏனுங்கண்ணா, நானெதுக்குங்க சந்தனம் வெக்கப் போறேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கடைப் பசங்க பூசை போட்டா பொரி திம்பேன். அதுக்குன்னு ப்ராசசருக்குச் சந்தனம் வெக்கற அளவுக்கு எனக்குப் பக்தி பத்தாதுங்கண்ணா. அது சூட்டை மேல கடத்தற பேஸ்டுங்க!"

லீவு நாளிலும் ஒரு சின்ன டியூபோடு வந்துவிட்டார். கழற்றிப் பார்த்தால் சந்தனம் வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. அவர் துடைத்துப் பூசி ஓடவிடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரு ஆள் குறைந்து தோற்றிருந்தார்கள். வைஷ்ணவி என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துப் பொரி கொறித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

அடுத்த போட்டி வந்தது. தொடங்கும் முன்னால் நாலு பெண்களும் ஒரே அடம். "அங்கிள் வந்து சொன்னாத்தான் ஆடுவோம்." மிஷினைத் தொடவில்லை என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டுமாம். ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள் மகள்.

"தொடலீங்க" என்றேன்.

"கேக்கல அங்கிள்!"

"தொடலீங்க!"

தெருவுக்கே கேட்டது. அன்றைக்கு ஜெயித்தார்கள். அதோடு மாட்டினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது சடங்காகிவிட்டது. போன வருஷம் ஒருவழியாகப் பெங்களூர் மேடைக்கும் போனார்கள். ஏறுவதற்கு முன்னால் எனக்குப் போன். அத்தனை தூரத்தில் இருக்கிற மிஷினை நான் எப்படித் தொடுவேன்? இருந்தாலும், கடையில் மோட்டார் கொண்டுவந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்.

எழுதி முடித்தது: மார்கழி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.