நிலாவில் பொழுது சாய்ந்த பிறகு புளியோதரை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
சனிக்கிழமை

சிரஞ்சீவி அபிநந்தனுக்கு,

தாய்மாமன் பார்சுவநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அருகன் அருளால் நானும் உன் அத்தை தர்மவதியும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். உன் நலத்தைக் கேட்டால் 'ஷூட்டிங் போகுது மாமா' என்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் 'சரி மாமா, சரி மாமா' என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று உன் அம்மாவே சொல்லிவிட்டாள். ஆகவேதான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் 'சந்திரப்பாளையம்' டிவி தொடரை வழக்கம்போல் ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டுப் பார்க்க உட்கார்ந்தோம். நிலாவில் முதலில் கால் வைத்தது நம் நாட்டு ஆட்கள்தான், ஐம்பது வருஷமாக அங்கே குடும்பம் நடத்துகிறார்கள் என்று நடக்காத சரித்திரத்தை நடந்த மாதிரி எழுதுகிறாய், எழுது, நான் தடுக்கவில்லை. அதில் வந்தவாசிப் பக்கத்து ஜைனப் பையன் தரணேந்திரன் என்று ஒருவனை நுழைத்தாய், அதுவும் சந்தோஷம்தான்; உன் அத்தை பூரித்துப்போய் 'என் மருமகன் நம்ம ஆளை நிலாவுல குடிவெச்சிட்டான், எல்லாரும் பாருங்க' என்று உறவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அந்தத் தரணேந்திரன் கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் நிற்கிறான், சூரியன் சாய்கிறது, வயலின் அழுகிறது, சூரியன் முழுசாக மறைகிறது, அதன் பிறகு அவன் நிதானமாக உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிடுகிறான். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஜைனக் குடும்பங்கள் இந்த ஜில்லாவில் எத்தனை என்று உனக்குத் தெரியாதா? சூரியன் மறைவதை அவ்வளவு அழகாகக் காட்டாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

தொடர் முடிந்ததும் வந்த முதல் போன் விருஷபதாஸ் நயினாருடையது. எந்த விருஷபதாஸ் என்று கேட்காதே, உனக்குப் பெண் கொடுக்க இருந்த விருஷபதாஸ். இதுவரை மூன்று இடம் 'டிவிக்காரப் பையனா?' என்று நழுவிப் போய், இவர் ஒருத்தர்தான் நம் குடும்பத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னார். நாளைக்குத் தாம்பூலம் மாற்ற வருவதாக இருந்தவர் கேட்கிறார்: "ஏங்க, நெலாவுல பொழுது போனப்புறம் அந்தப் புள்ள சாப்பிடறானே, எழுதினவருக்கு நம்ம நியமம் தெரியாதா, இல்ல தெரிஞ்சும் சென்னையில இப்படித்தான் நடக்குதா?" நான் "அது கதைங்க" என்றேன். "கதைல வர்றது எழுதறவன் வயித்துலேர்ந்துதானே வருது?" என்றார். நீ அங்கே எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். தயவுசெய்து நீயாகவும் சொல்லிவிடாதே.

மறுநாள் காலையிலிருந்து ஆளுக்கொரு தீர்ப்பு. நிலாவில் இருட்டினால் பதினாலு நாள் இருட்டாம், ஆகையால் தரணேந்திரன் அத்தனை நாளும் உபவாசம் இருந்திருக்க வேண்டும் என்று உறவுக்கார வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்சி. நிலாவில் இருந்தாலும் வந்தவாசிக் கடிகாரம்தான் கணக்கு என்று இன்னொரு கட்சி. அங்கே பகலும் பதினாலு நாள்தானே, அவ்வளவு நாளும் இடைவிடாமல் சாப்பிடலாமே என்று ஒருத்தர். அவர் யாரென்று எழுதமாட்டேன், உடம்பைப் பார்த்தாலே தெரியும். எல்லாரும் கடைசியில் 'மாமா என்ன சொல்றாரு?' என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிலாவுக்கு நான் கம்பி இழுக்கவில்லை.

நம் ஆட்கள்தான் இப்படி என்றால், அடி அண்ணாமலையிலிருந்து பால் கொண்டுவரும் பச்சையம்மாள் சொம்பைக் கீழே வைக்காமல் சண்டைக்கு வருகிறாள். "பௌர்ணமிக்கு அத்தினி ஜனம் மலைய சுத்திக்கினு மேல பாத்துக் கும்புடுது சாமி. அங்க ஒரு ஆளு குந்திக்கினு புளிசோறு துன்றான்னு உங்க மருமவப்புள்ள காட்டிட்டாரு. இனிமே நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கையெடுக்கறது?" அவளிடமிருந்து தப்பித்து ஆட்டோவில் ஏறினால் ஓட்டுகிற சுரேஷ்குமார் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "நெலாவுல வீடு கட்டினாங்களே சார், நம்ம தெரு பள்ளத்த மட்டும் அப்படியே வுட்டுட்டாங்கன்னு ஒரு சீன் வெச்சிருந்தா நெஜம் மாதிரி இருந்திருக்கும்" என்கிறான். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பள்ளத்திலேயே இறக்கினான். இடுப்பு இன்னும் வலிக்கிறது, இதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

இதற்கு நடுவில் புதன்கிழமை சாயங்காலம் நயினார் பெண் த்ரிசலாவே பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள் அல்லவா, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. "மாமா, குடியிருப்பை நிலாவோட துருவத்துப் பக்கம் மாத்திடச் சொல்லுங்க. அங்க சில மலை உச்சியில வெயில் போறதே கம்மி. தரணேந்திரன் எப்ப சாப்பிட்டாலும் யாரும் கேக்க முடியாது" என்றாள். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. "உனக்கு அந்த சீன் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "அவர் சாப்பிடறதுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட நின்னாரு பாருங்க, ஊர்ல இந்நேரம் அம்மா அடுப்பை அணைச்சிருப்பாங்கன்னு ஒரு வசனம். அத எழுதினவர் தனியா ரொம்ப நாள் இருந்திருக்கார்னு தோணுச்சு மாமா" என்றாள். அடேய், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரிப் பெண் உனக்கு வேறு எங்கேயும் கிடைக்கமாட்டாள், ஒரு பொட்டலம் புளியோதரைக்காக இவளை விட்டுவிடாதே.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த வாரத்தில் அந்தத் தரணேந்திரன் 'நான் சாப்பிட்டப்ப மலைக்குப் பின்னால இன்னும் வெயில் இருந்துச்சு' என்று ஒரு வசனம் பேசட்டும். ஒரே ஒரு வரி. ஐம்பது வருஷச் சரித்திரத்தையே மாற்றி எழுதினவனுக்கு அரை மணி நேர வெயிலை மாற்ற முடியாதா? நயினார் நாளைக்கு எப்படியும் வருகிறேன் என்றிருக்கிறார், ஆனால் தாம்பூலத்துக்கு இல்லையாம், நேரில் விளக்கம் கேட்க. உன் அத்தை விஷயம் தெரிந்தும் ரவா லட்டு பிடித்துக்கொண்டிருக்கிறாள். 'வசனத்தை மாத்தறான்' என்று நான் அவரிடம் வாக்குக் கொடுக்கப் போகிறேன். என் மானம் உன் கையில்.

உன் அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல். எல்லா நலமும் பெற்று, நல்ல பெண்ணுடன் நெடுங்காலம் வாழ்வாயாக. நேரத்துக்குச் சாப்பிடு. நேரம் எது என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
அலுத்துப்போன மாமன்,
பார்சுவநாதன்

பி.கு: தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, நயினாரும் த்ரிசலாவும் வந்துவிட்டார்கள். நயினார் காபியைக்கூடத் தொடாமல் "மொதல்ல நெலாவுல பொழுது எப்படிப் போவுதுன்னு எனக்குப் புரிய வையுங்க" என்று ஆரம்பித்தார். த்ரிசலா டார்ச்சைச் சூரியன் என்று பிடித்தாள், தட்டிலிருந்து ஒரு ரவா லட்டை எடுத்து நிலா என்று அப்பா கையில் கொடுத்தாள். நயினார் லட்டைத் திருப்பித் திருப்பி, "இங்க வெளிச்சம், இங்க இருட்டு, அப்ப இவன் எங்க குந்தியிருந்தான்?" என்று கேட்க, நான் ஒரு இடத்தைக் காட்ட, அவர் வேறு இடத்தைக் காட்ட, பேச்சு முற்றிக்கொண்டே போயிற்று. டார்ச் வெளிச்சம் நேரம் போகப் போக நன்றாகத் தெரிந்தது. ஏன் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. "அப்ப அவன் பக்கம் நியாயமே இல்லைங்கறேன்!" என்று ஆவேசமாகச் சொல்லிவிட்டு, கையிலிருந்த நிலாவை நயினார் ஒரு கடி கடித்து மென்று விழுங்கிவிட்டார். "அப்பா, வெளிய பாருங்க" என்றாள் த்ரிசலா. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நயினார் மீதி லட்டை மெதுவாகத் தட்டில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டே, "பாவம், அந்தப் புள்ள ஏதோ யோசனையில இருந்திருப்பான். அந்த வசனத்தையெல்லாம் மாத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார். பிறகு அவரே தாம்பூலத் தட்டைக் கேட்டு வாங்கினார். ஆகவே மேலே நான் எழுதிய எதையும் செய்யாதே, ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. கடித்த நிலா இன்னும் தட்டில் இருக்கிறது. சம்பந்தி ஞாபகமாக மூடி வைத்திருக்கிறாள் உன் அத்தை.